வெயில் பக்கத்துச் சிவப்பு நூல்

அவளைப் போல என்னை வெயிலிலிருந்து காப்பாற்றியவர்கள் யாரும் கிடையாது. பெற்றவர்கள்கூட அவ்வளவு மெனக்கெட்டதில்லை. சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறும்போதே வானத்தை ஒரு பார்வை பார்ப்பாள். "போறப்பவும் எடதுதான் நெழலு, வாரப்பவும் எடதுதான். நீ ஜன்னலோரம் உக்காரு சாமி, நான் இந்தாண்ட உக்காந்துக்கறேன்" என்பாள். மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வெயில் பக்கம் மாறும். அவள் சளைக்காமல் கையிலிருக்கும் ஃபைலை என் முகத்துக்கு நேராகப் பிடிப்பாள். இருபது வளைவுக்கும் பிடிப்பாள். பின்சீட்டில் இருப்பவர்கள் எனக்கு ஏதோ உடம்புக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். மாணவிகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களாம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நானும் கொண்டாடியவள்தான்.

இருவரும் ஒரே நாளில், ஒரே கைடிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். வயதும் ஒன்றுதான், மூன்று மாத வித்தியாசம். அவள் பரமத்தி வேலூர்ப் பக்கம், காவிரித் தண்ணீரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நூல் கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பெண். முதல் நாளே என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, "இதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று தன் பாக்ஸிலிருந்து பாதியை என் பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவள் தள்ளியதையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஆராய்ச்சி பைன் மரத்து ஊசியிலை பற்றியது. வேம்பு, புங்கன் போல வருடத்துக்கு ஒருமுறை எல்லா இலையையும் கொட்டிவிட்டுத் துளிர்க்கிற ஜாதி இல்லை பைன். ஒரே கிளையில் நுனியில் இந்த வருட ஊசி, அதற்குக் கீழே போன வருடத்தது, அதற்கும் கீழே முந்தின வருடத்தது என்று எல்லாம் சேர்ந்தே இருக்கும். கிளை துளிர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் போலத் தழும்பு விழும். நுனியிலிருந்து தழும்புகளை எண்ணிக்கொண்டு வந்தால் எந்த ஊசிக்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம். வருடத்துக்கு ஒரு தழும்பு என்பது புத்தகக் கணக்கு.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் ஓரத்தில் வரிசையாகப் பைன் மரங்கள் நின்றன. ஒரு பக்கம் ரோட்டைப் பார்த்துத் திறந்த வெளி, நாள் முழுக்க வெயில். மறுபக்கம் சில்வர் ஓக் மரங்கள் நெருக்கி நின்றதால் எப்போதும் நிழல். ஒரே மரத்தில் வெயில் ஊசியும் நிழல் ஊசியும் கிடைக்கும். கைடு அதைப் பார்த்துவிட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஊசியை வெயில் என்ன செய்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. வயது என்ன செய்கிறது என்பது என்னுடையது. மரத்தடியில் மட்டும் அவளாகவே வேறு விதமாகப் பிரித்துக்கொண்டாள். வெயில் பக்கத்து ஊசியெல்லாம் அவள் பறிப்பாள், நிழல் பக்கத்து ஊசியெல்லாம் நான் பறிக்க வேண்டும், பிறகு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

"நானும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் வர்றேனே" என்பேன்.

"எதுக்கு? நான் காட்டுல மேட்டுல கெடந்து வளந்தவ. எனக்கு வெய்யல் ஒண்ணும் பண்ணாது. நீ வெத்தல சாமி. வெத்தலையக் கொண்டுபோயி வெய்யல்ல வெப்பாங்களா?"

வெற்றிலை என்று அவள் சொன்னது சும்மா இல்லை. ஒருமுறை அவள் வீட்டுக் கொடிக்காலுக்குப் போயிருந்தேன். அகத்தி மரங்களை வரிசையாக நட்டு, அவற்றின் நிழலில் கொடியைப் படர விட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஜில்லென்று இருந்தது. அவளுடைய அம்மா வாசலில் உட்கார்ந்து நூறு நூறு இலையாக அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தார். இது கொழுந்து, இது முற்றல், இது ஓரத்துக் கொடியில் வெயில் பட்டது என்று கை தானாகப் பிரித்துப் போட்டது. நானும் ஒரு கவுளி கட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். வாழை நாரைச் சுற்றி எங்கள் கடையில் அறுந்த நூலை இணைக்கப் போடும் முடிச்சைப் போட்டேன். அதை எப்படி இழுத்தாலும் அவிழாது. அவளுடைய அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏஞ் சாமி, இத அவுக்கறதுக்குக் கத்தரிக்கோலு வேணுமாட்ட இருக்குது?"

அவள் சிரித்துக்கொண்டே நாரை என்னிடமிருந்து வாங்கினாள். "இங்க பாரு. ரண்டு சுத்து, ஒரு முறுக்கு, நுனிய உள்ள சொருகு. அவ்வளவுதான். முடிச்சே கெடையாது. சந்தைல யாவாரி ஒரு இழுப்பு இழுத்தா வந்துரோணும்." சொல்லிவிட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். நார் மொத்தமும் அவள் கையோடு வந்துவிட்டது. எனக்கு அது என்னவோ பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக அவிழ்வதைக் கட்டி என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். அம்மாவும் மகளும் நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தக் கை அவளுக்கும் வந்திருந்தது. ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் நெருடிப் பார்த்தே வெயில் ஊசியா நிழல் ஊசியா என்று சொல்வாள். வெயில் ஊசி குட்டையாக, தடித்து, மேலே மெழுகு பூசினாற்போல இருக்கும். நிழல் ஊசி நீளமாக, மெத்தென்று, பச்சை அதிகமாக இருக்கும். அது எனக்கும் தெரியும். அவள் வயதையும் சொல்வாள். ஒரு மத்தியானம் லேபில் சோதித்துப் பார்த்தேன். நிழல் பக்கத்து ஊசியில் ஒன்றுகூடத் தப்பவில்லை. வெயில் பக்கத்து ஊசியைக் கொடுத்ததும் தடுமாறினாள். ஒன்றை நெருடிவிட்டு, "இது போன வருசத்துது" என்றாள். கவரில் இரண்டு வருடம் என்று அவளே எழுதியிருந்தாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

கண்ணைத் திறந்து கவரைப் பார்த்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "என்ற கை பொய் சொல்லுது சாமி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கையை அப்போது நம்பியிருக்க வேண்டியது நான். அவளும்தான்.

நோன்பு மாதம் வந்தால் அவள் கவனிப்பு இன்னும் கூடிவிடும். என் எதிரில் தண்ணீர் குடிக்க மாட்டாள். எலுமிச்சம்பழச் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள். வாசம் வரக்கூடாது என்று வாயைக் கொப்பளித்துவிட்டு வருவாள். மலையிலிருந்து இறங்கும்போது பாங்கு சொல்லும் நேரம் ஆகிவிட்டால், பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டுவாள். நான் கொண்டுவர மறந்திருப்பேன். அவள் மறக்க மாட்டாள். இதையெல்லாம் நான் எழுதாமல் விட்டால் அது நேர்மையில்லை. அந்தப் பேரீச்சம்பழம் பொய்யில்லை.

ஒருமுறை நிழல் பக்கத்து சில்வர் ஓக் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது. அதன் மறைப்பில் இருந்த பைன் கிளைகள்மேல் திடீரென்று முழு வெயில் விழுந்தது. ஒரே மாதத்தில் அந்தக் கிளைகளின் பழைய ஊசிகள் வெளுத்துப் பழுப்பாகிவிட்டன. நிழலுக்கென்று உருவான ஊசி அவ்வளவு வெளிச்சத்தைத் தாங்காது. அடுத்துத் துளிர்க்கும் புது ஊசிதான் வெயிலுக்கு ஏற்றாற்போலத் தடித்து வரும். அவள் அந்தப் பழுத்த ஊசிகளைக் கையில் எடுத்துக் காட்டினாள். "பாத்தயா? நெழல்ல வளந்தத வெய்யல்ல உட்டா இந்தக் கதிதான். அதுக்குத்தான் உன்னைய அந்தப் பக்கம் உடறதில்ல."

இனி நூல் கதைக்கு வருகிறேன். நான் எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள். அத்தா கடைக்கு வரும் நூல் கட்டுகளை, மூட்டையில் என்ன எழுதியிருந்தாலும், தானே ஒருமுறை எண்ணாமல் உள்ளே எடுத்துவைக்க மாட்டார். வருடத்துக்கு ஒரு தழும்பு என்று எழுதிய புத்தகம் பனி கொட்டுகிற நாட்டுக்காரர்கள் எழுதியது. ஏற்காட்டு மரம் அதைப் படித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போய்விட்டாள். எனக்குக் காலேஜ் லீவு, வீட்டில் வேலையில்லை. அத்தா கடையிலிருந்து கெட்டிச் சாயச் சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குப் போனேன். நிழல் பக்கம் எட்டுக் கிளை, வெயில் பக்கம் எட்டுக் கிளை, ஒவ்வொன்றிலும் வளரும் நுனிக்குச் சற்றுக் கீழே சிவப்பு நூலைக் கட்டினேன். அடுத்த பொங்கலுக்கும் அவள் ஊருக்குப் போனதும், அதே கிளைகளின் அன்றைய நுனியில் பச்சை நூலைக் கட்டினேன். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் இருப்பது சரியாக ஒரு வருட வளர்ச்சி. அங்கே ஒரு தழும்புதான் இருக்க வேண்டும்.

முதல் பொங்கல் முடிந்து திரும்பியபோதே அவள் சிவப்பு நூலைப் பார்த்துவிட்டுக் கேலி செய்திருந்தாள். "பொங்கலுக்கு நாங்க ஊட்டுக்குக் காப்புக் கட்டறோம். நீ மரத்துக்குக் கட்டிட்டயா?"

பச்சை நூல் கட்டிய சில வாரங்களில் நோன்பு வந்தது. அவளுக்கு நிச்சயதார்த்தம் என்று இரண்டு நாள் லீவு எடுத்திருந்தாள். அதில் ஒரு நாள் நான் மலைக்குத் தனியாகப் போனேன். நிழல் பக்கத்து எட்டுக் கிளையிலும் ஊசிகளை விலக்கிப் பார்த்தேன். இரண்டு நூலுக்கும் நடுவில் ஒரே ஒரு தழும்பு. புத்தகம் சொன்னது சரி. அவள் இல்லாத தைரியத்தில் வெயில் பக்கம் போனேன். முதல் கிளையில் இரண்டு தழும்பு இருந்தது. இரண்டாவதிலும் இரண்டு. எட்டிலும் இரண்டு. மூன்று முறை எண்ணினேன். ஊசிகளை விலக்கிப் பிடிக்கவே இரண்டு கை போதவில்லை, படம் எடுக்க மூன்றாவது கை இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எனக்குத் தொண்டை வறண்டிருந்தது, கால் வலித்தது, சந்தோஷம் தாங்கவில்லை. நிழலில் இருக்கும் கிளை வருடத்துக்கு ஒருமுறை துளிர்க்கிறது. வெயிலில் இருக்கும் கிளை இரண்டு முறை துளிர்க்கிறது. என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது. இதுவரைக்கும் ஒரே விஷயம்.

அவள் விஷயத்தில் அது என்ன செய்யும் என்பது இறங்கும் பஸ்ஸில்தான் உறைத்தது. வெயிலில் ஊசிக்கு வயதே ஆவதில்லை என்பது அவள் ஆராய்ச்சியின் முடிவு. வெயில் பக்கத்து இரண்டு வயது ஊசி, ஒரு வயது ஊசி அளவுக்கே வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டிருந்தாள். கைடு அதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார். தழும்பை எண்ணி அவள் இரண்டு வயது என்று எழுதியதெல்லாம் உண்மையில் ஒரு வயது ஊசி. ஒரு வயது ஊசி ஒரு வயது ஊசி போல வேலை செய்ததில் என்ன அதிசயம்? அவள் கை சொன்னதுதான் நிஜம். ஆக, அவள் முதலிலிருந்து அளக்க வேண்டும். இரண்டு வருடமாவது ஆகும்.

கைடிடம் நேராகப் போயிருக்கலாம். மனசு வரவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் வேலையைக் கெடுப்பதா? நிச்சயம் முடிந்து லேபுக்கு வந்த அன்று, கல்வத்தில் ஊசியைப் போட்டு அசிட்டோன் ஊற்றி அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "நாம ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதலாம். உன் வெயிலும் என் வயசும் சேர்ந்தாத்தான் இது முழுசாகும்" என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவள் அரைப்பதை நிறுத்திவிட்டாள். அசிட்டோன் காய்ந்து கல்வத்தில் பச்சை அப்பிக்கொண்டது.

"யாருகிட்டயாவது சொன்னயா சாமி?"

"இல்ல. உன்கிட்டதான் மொதல்ல."

"நல்லதாப் போச்சு." கல்வத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "சார்கிட்ட நான் பதமாச் சொல்றேன். அவரையே கூட்டிட்டுப் போயி நேர்ல காட்டிரலாம். வெள்ளிக்கெழம போலாம். அதுவரைக்கும் நீ மலப்பக்கம் போவாத. நோம்ப வெச்சுட்டு வெய்யல்ல அலைஞ்சு மொகமே கறுத்துப்போச்சு பாரு. ஊட்ல இரு, நான் பாத்துக்கறேன்."

நான் வீட்டில் இருந்தேன். மூன்று நாள் நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை கைடு வந்தார். அவளும் வந்தாள். வெயில் பக்கத்து முதல் கிளையை வளைத்து ஊசிகளை விலக்கினேன். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு தழும்பு இருந்தது. ஒன்றே ஒன்று. அடுத்த கிளைக்கு ஓடினேன், அதிலும் ஒன்று. எட்டிலும் ஒன்றுதான். கைடு கோபப்படவில்லை, சிரித்தார். அது இன்னும் மோசம். "நூல் கடைப் பொண்ணு. நூலை மட்டும் எண்ணிட்டு வந்துட்டே போல" என்றார்.

அவள் உடனே எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அவ மேல தப்பில்லீங்க சார். நோம்பு நேரம்ங்க. பச்சத் தண்ணி குடிக்காம உச்சி வெய்யல்ல நின்னா ஆருக்குங்க கண்ணு சொருகாது? ஒண்ணு ரண்டாத் தெரிஞ்சிருக்கும்ங்க."

நான் சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளிடம் நன்றி சொன்னேன். ஆமாம், நன்றி சொன்னேன். இறங்கும்போது இருபது வளைவுக்கும் அவள் ஃபைலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் புத்திக்கு உறைக்கட்டும் என்று வெயில் பக்கத்திலிருந்து ஒரு கிளையை மட்டும் நூலோடு ஒடித்து எடுத்து வந்து அலமாரியில் போட்டேன்.

அதற்குப் பிறகு லேபில் நான் எண்ணத் தெரியாதவள் ஆகிவிட்டேன். வெயில் பக்கத்தை விட்டுவிட்டு நிழல் பக்கத்தை மட்டும் வைத்து எழுதும்படி கைடு சொன்னார். ஆண்டுக்கு ஒரு தழும்பு, வயதானால் பச்சை குறைகிறது, புத்தகம் சொன்னது சரி. என் ஆராய்ச்சி அவ்வளவுதான். எழுதியதில் எனக்கே சுவாரசியம் இல்லை. என் கண்ணை நானே நம்பாமல் போனேன். வீட்டுப் படியைக்கூட எண்ணிக்கொண்டு ஏறினேன். சந்தேகம் வந்து இறங்கி மறுபடி ஏறினேன்.

அவளுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வைகாசியில் கல்யாணம். பத்திரிகையில் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டார் ஆசை. போட்டிருந்தார்கள், பொன் எழுத்தில். பரமத்தி வேலூர் மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் மணமேடையிலிருந்தே ஆளை அனுப்பி, ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்தாள்.

அடுத்த வருடம் ஆடி மாதம் லேப் அலமாரியைக் காலி செய்யும்போது அந்தக் கிளை கையில் அகப்பட்டது. ஊசியெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக இருந்தது. நூல் இரண்டும் அப்படியே இருந்தன. பச்சை நூலில் எங்கள் கடை முடிச்சு. சிவப்பு நூலில் முடிச்சே இல்லை. இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, நுனி உள்ளே சொருகியிருந்தது.

இனி எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லை. சிவப்பு நூல் குட்டையாக வேறு இருந்தது. என் முடிச்சை அவிழ்க்க முடியாமல் வெட்டியிருக்கிறாள். வெட்டின நூலில் திரும்ப முடிச்சுப் போட நீளம் வராது, சொருகத்தான் முடியும். ஒரு தழும்பு தாண்டி மேலே தள்ளிக் கட்டியிருக்கிறாள். எட்டுக் கிளையிலும். நான் வீட்டில் தூங்கிய மூன்று நாளில் ஒரு நாள், பஸ் ஏறிப் போய், அந்த வெயிலில் மணிக்கணக்காக நின்று இதைச் செய்திருக்கிறாள். குடிக்கத் தண்ணீராவது எடுத்துப் போயிருப்பாளா என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் எஸ்டேட்டுக்கு ஓடினேன். சருகு தீப்பிடிக்கிறது என்று எல்லா மரத்திலும் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டிருந்தார்கள். உலகத்தில் மிச்சமிருந்தது என் பையில் இருந்த குச்சி ஒன்றுதான்.

ஆடிப்பெருக்குக்கு அவள் அம்மா வீட்டுக்கு வந்திருப்பாள் என்று தெரியும். வேலூர் போனேன். ஆற்றுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி நேரம். அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வா சாமி! ஒரு போன் பண்ணிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனல்லோ. ஏன் வெய்யல்ல நிக்கற, உள்ள வா."

"இங்கயே நிக்கறேன்" என்று குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இந்தச் செகப்பு நூல் யாரு கட்டினது?"

அவள் குச்சியைப் பார்த்தாள். பச்சை நூலை விரலால் தொட்டாள், பிறகு சிவப்பை. தெருவில் பம்பை அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் ஆற்றுப் பக்கம் போனது. அது போய் முடிந்ததும் கேட்டாள்.

"சார்கிட்ட காட்டிட்டயா?"

"இல்ல."

"உன்ற அத்தாகிட்ட?"

"யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் மொதல்ல கேக்கறேன்."

"உனக்குன்னா ரண்டு வருசம் தள்ளிப்போனாலும் உன்ற அத்தா காத்திருப்பாரு சாமி" என்றாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, அதை நான் பார்த்தேன். "எனக்கு வைகாசி வரைக்குந்தான் இருந்துச்சு. என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

சொல்லிக்கொண்டே சிவப்பு நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரு இழுப்புதான். மொத்தமும் அவள் கையோடு வந்துவிட்டது. அதை நீவி, விரலில் சுற்றிச் சின்னச் சுருணையாக்கி, குச்சியோடு சேர்த்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தானே மடக்கி மூடினாள். வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய அம்மா, "ஆரு சாமி வந்திருக்கறது?" என்று கேட்டார்.

நான் திரும்பி நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவள்தான் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "இந்த வெய்யல்ல எப்புடிப் போவ?" என்று ஒரு குடையை விரித்து நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

வாழைத் தோப்பு முடிந்து ரோடு வரும் இடத்தில்தான் எனக்கு எல்லாம் சேர்த்துப் புரிந்தது. குச்சியில் இனி ஒரு பச்சை நூல் மட்டும்தான். சிவப்பு எங்கே இருந்தது, எப்படிக் கட்டியிருந்தது என்று யாரிடமும் காட்ட முடியாது. ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை, இந்த முறை இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. மரம் இரண்டு முறை துளிர்க்கிறது என்பதை முதலில் அவளிடம்தான் போய்ச் சொன்னேன். அவள் செய்ததையும் முதலில் அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுதேன். ஆற்றுக்குப் போகிறவர்கள் விலகிப் போனார்கள். அப்போதும் அவள் குடை என் தலைக்கு மேலே விரிந்துதான் இருந்தது.